இரண்டாவது கை

திருத்தணி
12 பிப்ரவரி 1946

பம்பாயில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு ஜெயம்மாள் அநேக நமஸ்காரம் செய்து எழுதுவது. தணிகைமலையான் காவலில் நானும் மாமாவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் இருமல் நின்றதா? மில் பஞ்சு நெஞ்சில் தங்காமல் இருக்க வெல்லம் தின்னச் சொன்னேனே, தின்கிறீர்களா, இல்லை அந்தக் காசுக்கும் டீ குடிக்கிறீர்களா?

மாமாவின் கண்ணில் புரை இன்னும் முற்றிவிட்டது. எதிரில் வருகிறவர் உருவம்தான் தெரிகிறதாம், முகம் தெரியவில்லையாம். ஆனாலும் நெசவாளர் சங்கத்துக்கு அவர்தான் பிரசிடெண்டு. சங்கத்துக் காகிதம் எது வந்தாலும் நான் கதவுக்குப் பின்னால் நின்று படிக்கிறேன். மாமனார் எதிரில் மருமகள் பேசக் கூடாதே என்று தயங்கினேன். "படிக்கறது பேச்சுல சேராது" என்று அவரே தீர்ப்பு சொல்லிவிட்டார்.

சர்க்கார் அளந்து கொடுக்கும் கண்ட்ரோல் நூல் இந்த மாதமும் பாதிதான் வந்தது. வழக்கம்போல நாலு தறி வீட்டுக்கு முதலில், அப்புறம் இரண்டு தறி வீட்டுக்கு. ஒற்றைத் தறி வீடுகளுக்கு நூல் சுற்றிவந்த சாக்குதான் மிச்சம். எதிர்வீட்டுப் பூவம்மாள் புருஷனை இழந்தவள். அவள் தறி பொங்கலிலிருந்து ஓடவில்லை. "ஆடி வரிக்கும் பாப்பேன் ஜெயா. அப்பால தறிய வித்துட்டு அரக்கோணத்துல ஜல்லி ஒடைக்கப் போயிடுவேன்" என்கிறாள். சொல்லும்போது அழக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பெண்கள் பள்ளிக்கூடத்துக்குத் தேவகி டீச்சர் என்று ஒருவர் புதிதாக வந்திருக்கிறார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களையெல்லாம் சத்திரத்தில் கூட்டி 'சபை விளையாட்டு' ஆடச் சொல்கிறார். ஒருத்தி பிரசிடெண்டு, ஒருத்தி காரியதரிசி, மற்றவர்கள் அங்கத்தினர். சுயராஜ்யம் வந்தால் நாம்தான் ஆளவேண்டும், ஆடிப் பார்க்காமல் எப்படி வரும் என்கிறார். முதல் நாள் ஒரே கூத்து. பக்கத்து வீட்டுக் காஞ்சனாவைப் பிரசிடெண்டாக உட்காரவைத்து, நூலைப் பற்றி அவளிடம் கேள்வி கேள் என்று பூவம்மாளை எழுப்பினார். பூவம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய்விட்டாள். என்னவென்றால், பிரசிடெண்டு என்றாலே அவளுக்கு நம் மாமாதான், அவருக்கு இவள் மருமகள் முறை. வேஷத்துக்கும் மரியாதை! டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மற்றவை உங்கள் பதில் கண்டு.
ஜெயம்மாள்


பரேல், பம்பாய்
1 மார்ச் 1946

சௌபாக்கியவதி ஜெயம்மாளுக்குப் பரந்தாமன் ஆசீர்வாதம். இங்கே கப்பல்படைக்காரர்கள் கிளம்பியதில் ஊரே அமளி. பரேலில் இரண்டு நாள் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. நான் அறையைவிட்டு வெளியே வரவில்லை, எனக்கு ஒன்றும் இல்லை. வெல்லம் தின்றேன். டீயும் குடித்தேன்.

உன் டீச்சர் நல்ல காரியம் செய்கிறார். இங்கே எங்கள் மில்லில் கூட்டம் என்றால் யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம். போன மாதம் நானே மேஸ்திரியை நேருக்கு நேர் கேட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். நம் பெண்டுகளும் பேசக் கற்றுக்கொள்ளட்டும். மேலே என்ன நடந்தது என்று எழுது. சிரிக்க இங்கே வேறு விஷயம் இல்லை.

நைனாவுக்கு என் நமஸ்காரம் சொல்லவும்.
பரந்தாமன்


திருத்தணி
24 மார்ச் 1946

என் வீட்டுக்காரருக்கு நமஸ்காரம். நீங்கள் பத்திரம் என்று படித்தபிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, வெயில்தான் இப்போதே மலையைக் காய்ச்சுகிறது.

விளையாட்டுக்கு டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு துண்டைக் கொண்டுவந்து, "இதைத் தலையில் கட்டிக்கொண்டவள் பெண்ணில்லை, சங்கத்து அங்கத்தினர். முறையும் கிடையாது, முந்தானையும் கிடையாது" என்றார். அவ்வளவுதான்! அடக்கிவைத்திருந்த வாயெல்லாம் திறந்துகொண்டது. ஆளுக்கொரு துண்டு கட்டிக்கொண்டு அவரவர் வீட்டு ஆண்பிள்ளையை அப்படியே ஆடிக்காட்டினார்கள். டீச்சர் சிரித்துச் சிரித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதிலும் பிரசிடெண்டு வேஷம் போடுகிறவள் ஒருத்தி இருக்கிறாள் பாருங்கள். கனைக்கிறாள், பொடி டப்பாவை இரண்டு தட்டு தட்டுகிறாள், "ஆங், ஏகமனதா நிறைவேறிச்சி, எல்லாரும் வெத்தல எடுத்துக்கோங்க" என்கிறாள். ஓட்டு எடுக்கும்போது நம் ஆண்பிள்ளைகள் செய்கிறபடியே இரண்டு கையையும் தூக்கினாள். வலது கை தனக்கு, இடது கை வீட்டில் யார் பேரில் சங்கத்துப் பங்கு இருக்கிறதோ அந்தப் பெண்பிள்ளைக்கு. ஊர் வழக்கம்தானே, எங்களுக்கு அது வித்தியாசமாகவே தெரியவில்லை. டீச்சர்தான் வெளியூர்.

"அந்த ரெண்டாவது கை யாருடையது?" என்று கேட்டார்.

"மருமக கைங்க."

"மருமகள் எங்கே?"

"வூட்லதாங்க. அடுப்பாண்ட."

"கை இங்கே, ஆள் அங்கேயா?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்தபின் பூவம்மாள்தான் மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு நூல் கெடையாதுன்னு போன வருசம் என் கையும்தானே தூக்கிச்சி. என் கொழுந்தனார் தூக்கனாரு."

பிரசிடெண்டு வேஷக்காரி யார் என்று கேட்பீர்கள். நம் தெருதான். பேர் சொன்னாலும் நம்பமாட்டீர்கள்.

வெல்லத்தை விடவேண்டாம்.
ஜெயம்மாள்


பரேல், பம்பாய்
14 ஏப்ரல் 1946

ஜெயம்மாளுக்கு ஆசீர்வாதம். புது வருஷம் உனக்கும் நைனாவுக்கும் நல்லபடியாக இருக்கட்டும். இருமல் போய்விட்டது.

உன் கடிதத்தை அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். மதுரைக்காரன் ஒருவன் உருண்டு சிரித்தான். அந்த வேஷக்காரியிடம் நான் சொன்னதாகச் சொல்: "உன் கையை நீயே தூக்கு. எவனுக்கும் பயப்படாதே. பம்பாயில் ஒரு தொழிலாளி உன் கட்சி" என்று. பொம்பளை என்றால் அப்படி இருக்கவேண்டும். அவள் புருஷன் யாரோ, கொடுத்து வைத்தவன்!

நீ மட்டும் நைனா மனம் கோணாமல் நடந்துகொள்.
பரந்தாமன்


திருத்தணி
19 மே 1946

என் வீட்டுக்காரருக்கு நமஸ்காரம். பதிலுக்கு நாளாகிவிட்டது, மன்னிக்கவும். எல்லோரும் சுகம்.

நீங்கள் சொல்லச் சொன்னதை அவளிடம் சொல்லிவிட்டேன். புருஷன் கொடுத்து வைத்தவன் என்றதையும் சேர்த்துத்தான். "அவருக்கு என்னைத் தெரிஞ்சா அப்பிடிச் சொல்வாரா?" என்று கேட்டாள். அவர் சொன்ன வார்த்தை மாறாதவர் என்று நான் ஜாமீன் நின்றிருக்கிறேன்.

போன வாரம் நூல் பங்கிடும் ஆட்டம் ஆடினோம். புளியங்கொட்டைதான் நூல். ஆளுக்கொரு முறத்தோடு வரிசையில் உட்கார்ந்தோம். அந்தப் பிரசிடெண்டுக்காரி சங்கத்தில் நடக்கிறபடியே அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தாள். நாலு தறிக்காரியின் முறம் வழிந்தது. கடைசியில் பூவம்மாளிடம் வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. பூவம்மாள் முறத்தை நீட்டியபடியே இருந்தாள். ஆட்டம்தான், புளியங்கொட்டைதான், எல்லாம் தெரியும். ஆனாலும் அந்தக் காலி முறத்தைப் பார்க்கப் பிரசிடெண்டுக்காரியால் முடியவில்லை. துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டாள்.

அப்புறம் டீச்சர், "அழுதது போதும், வேறு விதமாகப் பங்கிட்டுப் பாருங்கள்" என்றார். நாலைந்து விதமாகப் பார்த்தோம், சண்டையும் போட்டோம். கடைசியில் ஒன்று சரியாக வந்தது. தறிக்கு ஒரு கட்டு, தெரு வரிசைப்படி. இந்த மாதம் எந்த வீட்டில் தீர்கிறதோ, அடுத்த மாதம் அதற்கு அடுத்த வீட்டில் தொடங்கவேண்டும். ஆடிக் கிருத்திகைக்குப் பிறகு நடக்கும் வருஷக் கூட்டத்தில் பூவம்மாள் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறாள். பங்கு உள்ள பெண்கள் எல்லோரும் நேரில் போய்த் தங்கள் கையைத் தாங்களே தூக்குவதாகப் பேச்சு. நீங்கள் பம்பாய் புறப்படும்போது தறியையும் பங்கையும் என் பேருக்கு மாற்றிவிட்டுப் போனீர்கள் அல்லவா, அதனால் நானும் ஒரு அங்கத்தினர்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.
ஜெயம்மாள்


திருத்தணி
28 ஜூன் 1946

சிரஞ்சீவி பரந்தாமனுக்கு அப்பன் சிங்காரம் ஆசீர்வாதம். நான் நல்லா கீறேன். கண்ணுதான் இல்ல. நான் சொல்றத ஒரு எழுத்து மாத்தாம எழுதணும்னு எழுதறவளுக்கு உத்தரவு போட்டுட்டேன். எழுதறது உன் பெண்டாட்டி. பிராதும் அவ மேலதான்.

சத்திரத்துல பொம்பளைங்க சபை ஆடறாங்களாம். அதுல தலையில துண்டு கட்டிக்கினு எனக்கு வேசம் போடறது யாருன்ற? என் வூட்டு மருமக! என்னை மாதிரியே கனைக்கறாளாம். பொடி டப்பா தட்டறாளாம். நம்ம காரியதரிசி கங்காதரன் சத்திரத்துப் பக்கமா போய்க்கினு இருந்தவன், சத்தத்தக் கேட்டு நான்தான் உள்ள கீறேன்னு நெனச்சி, செருப்பக் கழட்டி வுட்டுட்டு "கும்பிடறேங்க"ன்னு பூந்துட்டானாம். உள்ள அத்தினியும் பொம்பளைங்க. வெக்கத்துல செருப்ப வுட்டுட்டே ஓடிட்டான்.

(எல்லாம் உண்மைதான். செருப்பு இன்னும் சத்திரத்தில் இருக்கிறது. ஜெ.)

நான் ஒண்ணு கேக்கறேன், என் கனைப்பு இன்னா அவ்ளோ பிரமாதமா?

(மாமா இந்த இடத்தில் கனைத்தார். நான் ஆடுகிறபடியேதான் இருக்கிறது. ஜெ.)

நூலப் பத்தி கூட்டத்துல கேக்கப் போறாளுங்களாம். இருபது வருசமா நான் பிரசிடெண்டா இருக்கறேன், ஒரு பையன் எழுந்து கேட்டதில்ல. நீ எழுதி இவள அடக்கு. இல்லன்னா நான் எங்க போய் மூஞ்சிய வெச்சிக்கறது? இவ போடற கொழம்பு மட்டும் இப்பவும் நல்லாத்தான் கீது, அதையும் எழுதிக்கோ, நான் பொய் சொல்றவன் இல்ல.

சிங்காரம்


பரேல், பம்பாய்
9 ஜூலை 1946

ஜெயம்மாளுக்கு.

நைனாவின் கடிதம் பார்த்தேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த வேஷக்காரி நீயா? என்னிடம் இத்தனை மாதம் மறைத்துவிட்டாயே! ஊரில் எவளோ என்று நான் பாட்டுக்கு எழுதிவிட்டேன். அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதே.

கூட்டத்துக்குப் போகாதே. தலைவலி என்று படுத்துக்கொள். நைனாவை நாலு பேர் எதிரில் எதிர்த்து நின்றால் நான் எப்படி ஊருக்கு வந்து முகம் காட்டுவேன்? மில்லில் மேஸ்திரியைக் கேட்பது வேறு, நைனாவைக் கேட்பது வேறு. நானே அவரை ஒருநாளும் கேட்டதில்லை.

இதைப் பார்த்த உடனே பதில் எழுது. தபால்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கப் போகிறார்கள் என்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம்தான், எங்கள் மில்லில் ஆதரவாகத் தீர்மானம் போட்டோம்.

பரந்தாமன்


திருத்தணி
27 ஜூலை 1946

என் வீட்டுக்காரருக்கு நமஸ்காரம். மாமாவின் பிராதுக்கு உங்கள் பதில் வரவில்லை. தபால் ஆபீஸில் கேட்டால் வேலைநிறுத்தம், பம்பாய்க் கடிதம் எந்த ஊரில் கிடக்கிறதோ என்கிறார்கள். இதுவும் எப்போது வந்து சேருமோ தெரியாது. பம்பாய் மெயில் நம் ஊரில் நிற்காமல் ஊதிக்கொண்டு போகும்போதெல்லாம், அதில் நீங்கள் என்னைத் திட்டி எழுதிய கடிதம் இருக்குமோ என்று வாசலுக்கு வந்து நிற்கிறேன்.

உங்களிடம் மறைத்தது தப்புதான். ஆனால் யாரோ ஒருத்தி என்று நினைத்ததால்தானே மனதில் உள்ளதைத் தாராளமாக எழுதினீர்கள்? நான் என்றால் எழுதியிருப்பீர்களா?

பள்ளிப்பட்டிலிருந்து தறி வாங்குகிறவர் ஒருவர் வந்து பூவம்மாள் தறியைத் தட்டிப் பார்த்து, கூட்டம் முடிந்த மறுநாள் வண்டியோடு வருவதாகச் சொல்லிப் போனார். தீர்மானம் நிறைவேறினால் தறி இங்கே, இல்லாவிட்டால் வண்டியில். எனக்கு ராத்தூக்கம் இல்லை. இந்த வீட்டிலிருந்து என்னை அனுப்பிவிட்டால் எங்கே போவேன் என்றும் நினைக்கிறேன். அப்போதெல்லாம் உங்கள் சித்திரை மாதக் கடிதத்தை எடுத்துப் பார்க்கிறேன். உன் கையை நீயே தூக்கு, எவனுக்கும் பயப்படாதே. வேறு பேச்சு வராதவரைக்கும் எனக்கு இதுதான் உத்தரவு.

ஜெயம்மாள்


திருத்தணி
6 ஆகஸ்ட் 1946

என் வீட்டுக்காரருக்கு நமஸ்காரம். எல்லோரும் சுகம், சுகம், சுகம்! மூச்சு வாங்காமல் எழுதுகிறேன், கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நேற்று கூட்டம். காவடிக் கூட்டம் போனபிறகு சத்திரத்தைக் கழுவி ஜமக்காளம் விரித்திருந்தார்கள். நாங்கள் பதினோரு பேர் பின்வாசல் வழியாக நுழைந்து சுவரோரம் உட்கார்ந்தோம். பங்குள்ள பெண்கள் அத்தனை பேரும் வந்துவிட்டோம். "இன்னாடா இது, கல்யாணமா?" என்று யாரோ கேட்டார்கள். தேவகி டீச்சர் வரவில்லை. "உங்கள் சங்கம், நான் அங்கத்தினர் இல்லை" என்று சொல்லிவிட்டார். மகராசி, அன்றைக்குப் பார்த்து!

பூவம்மாள் எழுந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஆனாலும் தூணுக்குப் பின்னால் போகவில்லை. "தறிக்கு ஒரு கட்டுங்க. தெரு முறைங்க. வுட்ட எடத்துலேருந்துங்க" என்று மூன்றே வார்த்தையில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். காஞ்சனா ஆமோதித்தாள்.

கங்காதரன் எழுந்து, "இது பழைய வழக்கத்துக்கு விரோதம், வேணாங்கறவங்க கை தூக்குங்க" என்றார். முன்வரிசை அப்படியே எழும்பியது. எல்லாம் இரட்டைக் கை. நடுவில் மாமா. வலது கை, இடது கை, இரண்டும் மேலே.

அந்த இடது கையைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியவில்லை. இடுப்பில் செருகியிருந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டினேன். அவசரத்தில் ஒரு தரம் அவிழ்ந்து காதில் விழுந்தது, மறுபடி கட்டினேன். எழுந்து நின்றேன். பழக்க தோஷம், கனைத்தேன். வந்தது மாமாவின் கனைப்பு.

மாமா தலையைத் திருப்பினார். அவருக்குத் தலைப்பாகை மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

"யாருப்பா அது, எழுந்து நிக்கறது?"

"உங்க இடது கைக்குச் சொந்தக்காரிங்க, மாமா."

நான் இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. மேலே சொன்னேன்: "அந்தக் கை என்னுது. தயவுபண்ணி எறக்கி வையுங்க. நானே தூக்கிக்கறேன்."

மாமாவின் முகத்தில் என்ன இருந்தது என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கங்காதரன் "பொம்பளை வந்து சபையில" என்று ஆரம்பித்தார். மாமா அவரைப் பார்க்காமலே, "நீ இருப்பா. அவ கைய அவ கேக்கறா" என்றார். இடது கையை மெதுவாக இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். வலது கை மட்டும் மேலேயே இருந்தது. அப்புறம் போட்டார் பாருங்கள் ஒரு சத்தம்: "எவன் எவன் ரெண்டு கை தூக்கினு கீறீங்களோ, ஒண்ணை எறக்குங்கடா! சொந்தக்காரங்க வந்திருக்காங்க!"

பொத்துப் பொத்தென்று இறங்கின. வேண்டும் என்கிறவர்கள் தூக்கச் சொன்னபோது நாங்கள் பதினோரு பேரும் தூக்கினோம். ஒற்றைத் தறி வீட்டு ஆண்பிள்ளைகள் எங்களைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்துவிட்டு அவர்களும் தூக்கினார்கள். கங்காதரன் இரண்டு தரம் எண்ணினார். இரண்டு தரமும் எங்கள் பக்கம்தான் மூன்று கை அதிகம்! ஜெயித்துவிட்டோம்! பூவம்மாள் தூக்கிய கையை இறக்கவே மறந்துபோய் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான்தான் பிடித்து இறக்கினேன்.

இன்று காலை பள்ளிப்பட்டு வண்டி வந்தது. காலியாகத் திரும்பிப் போயிற்று.

மாமா நேற்றிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. குழம்பு மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நீங்கள் என்ன நினைக்கிறீர்களோ. எதுவானாலும் எழுதிவிடவும்.

ஜெயம்மாள்


பரேல், பம்பாய்
17 ஆகஸ்ட் 1946

என் ஜெயாவுக்கு.

வேலைநிறுத்தம் முடிந்து உன் கடிதம் இரண்டும் ஒன்றாக வந்தன. கடைசியானதை அறையில் படிக்கத் தொடங்கினேன். "இடது கைக்குச் சொந்தக்காரி" என்ற இடத்தில் மதுரைக்காரன் கடிதத்தைப் பிடுங்கி, மறுபடி உரக்கப் படித்தான். மாடி முழுக்கக் கூடிவிட்டது. உன் பேரைச் சொல்லி விசில் அடித்தார்கள். எனக்கு யாரோ டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

ஜூலை மாதம் நான் எழுதிய கடிதம் ஒன்று வழியில் கிடக்கிறது. வந்தால் பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிடு. கெஞ்சிக் கேட்கிறேன். அந்தத் தபால்காரர்களுக்கு ஆதரவாக நான் கை தூக்கினேனே, என் வாழ்நாளில் நான் தூக்கிய கைகளில் அதைவிட உருப்படியானது ஒன்றும் இல்லை.

அந்த வேஷக்காரியின் புருஷன் கொடுத்து வைத்தவன். முன்பு சொன்னதுதான். சொன்ன வார்த்தை மாறாதவன் நான். தீபாவளிக்கு வருகிறேன்.

பரந்தாமன்


திருத்தணி
8 செப்டம்பர் 1946

சிரஞ்சீவி பரந்தாமனுக்கு அப்பன் சிங்காரம் ஆசீர்வாதம். நான் சுகம். உன் கடுதாசி வந்திச்சி. அதுக்கு முந்தின நாளே ஜூலை மாசத்துக் கடுதாசியும் வந்திடிச்சி. எரிக்கச் சொன்ன கடுதாசி வர்றதுக்குள்ள இவ எனக்குப் படிச்சிக் காட்டிட்டா. பயந்தாங்கொள்ளிப் பயலே! என் மூஞ்சிக்கு எதுர்ல அவளே பயப்படல, பம்பாயில குந்திக்கினு நீ ஏண்டா நடுங்கற?

(சிரித்துச் சிரித்து மாமாவுக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். ஜெ.)

இந்த மாசம் நூல் தெரு முறையில போச்சி. பூவம்மா தறி விடியறதுக்கு முன்னயே கடகடன்னு ஆரம்பிச்சிடுது, மனுசன் தூங்க வழியில்ல. நல்ல பாவு போட்டிருக்கா. நெறத்த தேவகி டீச்சரு சொன்னாங்க, நான் கையால தடவிப் பாத்தேன். தோத்தது நான்தான், ஒத்துக்கறேன். ஆனா அன்னிக்கு அவ கைய மட்டும்தான்டா எறக்கனேன். என் கைய நான் எறக்கல, கவனி.

ஒரு கொறை. இவளுக்குத் தலைப்பா கட்டத் தெரியல. சபையில அவுந்து காதுல வுழுந்திச்சாம். பிரசிடெண்டு வேசம் போடறவ அப்பிடியா கட்டறது? என் அரக்குக்கரைத் துண்ட எடுத்துக் குடுத்து ரெண்டு நாளா கட்டிப் பழக்கறேன். வர்ற வருசம் பிரசிடெண்டு எலக்சன். கை தூக்கறது கெடையாதாம், பொட்டியில சீட்டாம், இவளுங்க அதையும் கொண்டாந்துட்டாளுங்க. எனக்கு எதுரா நிக்கறது யாருன்ற? இதோ, இத எழுதிக்கினு கீறவதான். இப்பல்லாம் கதவுக்குப் பின்னால நிக்கறதில்ல. எதுர்ல குந்திக்கினுதான் எழுதறா.

எனக்குக் கண்ணு தெரியாது, என் சீட்ட நானா எழுத முடியாது. யாரை வெச்சி எழுதறதுன்னு கங்காதரன் கேட்டான். என் மருமகள வெச்சித்தான்னு சொன்னேன். "அவ உங்களுக்கு எதுரா நிக்கறவளாச்சே"ன்னு குதிக்கறான். போடா, நான் அவளத் திட்டினதையே ஒரு எழுத்து மாத்தாம எழுதனவ, நான் சொல்ற பேர மாத்திடுவாளான்னு கேட்டேன். வாய மூடிக்கினு போயிட்டான்.

தீபாவளிக்கு வா. வரப்ப பொடி வாங்கியா.

சிங்காரம்

(மேலே உள்ள கையெழுத்து மட்டும் மாமாவே போட்டது. சீட்டில் யார் பேரை எழுதச் சொல்லப் போகிறீர்கள் மாமா என்று இப்போது கேட்டேன். அது ரகசியமாம். ஜெ.)